நேரியல் சமன்பாடு: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லிக் கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

எட்டாம் வகுப்பில் 3ப + 5 = 20 என்று பலகையில் எழுதிப் பாருங்கள். "அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும் சார்" என்று பாதி வகுப்பு கோரஸாகச் சொல்லும். ஏன் மைனஸ் ஆகிறது என்று கேளுங்கள், சத்தம் நின்றுவிடும். அதே பிள்ளைகளிடம் 20 − 3ப = 5 கொடுத்தால், 20-ஐ அந்தப் பக்கம் அனுப்பி, 3-க்கு முன்னால் இருந்த மைனஸை வழியிலேயே தொலைத்துவிட்டு, 3ப = −15, ப = −5 என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டுவிடுவார்கள். −5-ஐத் திரும்பப் போட்டுப் பார்த்தால் 35 = 5 என்று வரும். ஆனால் போட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

விதி மனப்பாடமாகத் தெரிகிறது, எதற்கு அந்த விதி என்பது தெரியவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் நான் பிடிவாதமாக ஒரு காரியம் செய்யப் போகிறேன்: "பக்கம் மாற்று, குறி மாற்று" என்பதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். முதல் பத்துப் பன்னிரண்டு பீரியட் அந்த வாக்கியம் உங்கள் வாயில் வரக்கூடாது. டியூஷனிலோ வீட்டில் அண்ணனோ ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தால் பரவாயில்லை, "சரிதான், ஆனா ஏன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு நீங்கள் உங்கள் வழியில் போங்கள்.

இன்னொன்று. பலகையில் எல்லோரும் எக்ஸ் என்றுதான் எழுதுவோம், இங்கே தமிழில் தட்டச்சு செய்யும் வசதிக்காக மாறியை 'ப' என்று எழுதுகிறேன். வேறு எந்த விசேஷமும் இல்லை.

படி 1: முதலில் சமக்குறியைச் சரி செய்யுங்கள்

இயற்கணிதத்துக்குள் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை வையுங்கள்.

8 + 4 = □ + 5

கட்டத்தில் என்ன வரும்? உங்கள் வகுப்பில் 12 என்று நிறையப் பேர் எழுதுவார்கள், சிலர் 17 என்று எழுதுவார்கள். இதற்காக நம் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் இதே கேள்வியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கொடுத்துப் பார்த்து 1999-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே எழுதியிருந்தார்கள், 7 என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து 8 + 4 = என்று எழுதி விடையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், "=" என்றால் "இப்போ விடையை எழுது" என்றுதான் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்போடு 5ப − 3 = 2ப + 12 என்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, விடை எழுத வேண்டிய இடத்தில் ஏன் இன்னொரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது என்ற குழப்பம் வருவது நியாயம்தானே.

இதைச் சரி செய்ய ஒரு பீரியட் போதும். சரியா தவறா என்று மட்டும் கேளுங்கள், விடை கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள்:

7 = 3 + 4
6 = 6
9 + 5 = 10 + 4
37 + 28 = 38 + 27

முதலாவதைப் பார்த்தே சிலர் "தலைகீழா இருக்கு சார், தப்பு" என்பார்கள். 6 = 6 என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் கணக்கே இல்லையாம். விட்டுவிடுங்கள், அவர்களுக்குள் வாதாடட்டும். கடைசியைக் கூட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்: 37-க்கு ஒன்று கூடியிருக்கிறது, 28-க்கு ஒன்று குறைந்திருக்கிறது, எனவே சமம். இப்படி யோசிக்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூடவே நம் பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12 என்று ஓடிக்கொண்டே எழுதுகிற வழக்கம் ஆசிரியர்களிடமே உண்டு. 5 + 3-ம் 12-ம் சமம் என்று நாமே எழுதிக் காட்டினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

சமக்குறி எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் சொன்னால் வகுப்பு கேட்கும். 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர், "இதற்கு இது சமம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லாக எழுதுவது அலுப்பாக இருக்கிறது என்று இரண்டு இணைகோடுகளைப் போட்டார், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை விடச் சமமானது வேறு எதுவும் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

படி 2: எழுத்து என்பது ஓர் எண்

ப = 4 என்றால் 3ப எவ்வளவு என்று கேளுங்கள். 34 என்று ஒரு விடை நிச்சயம் வரும். கேலி செய்யாதீர்கள், அந்தப் பிள்ளை எழுத்தை எடுத்துவிட்டு எண்ணை வைத்திருக்கிறது, அதில் தர்க்கம் இருக்கிறது. நடுவில் பெருக்கல் குறி மறைந்திருக்கிறது என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முதல் வாரம் முழுக்க 3 × ப என்றே எழுதுங்கள், பெருக்கல் குறி எல்லோருக்கும் சலித்த பிறகு "சரி, இனிமே இதை விட்டுடலாம்" என்று சொல்லி எடுத்துவிடுங்கள்.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. ஒத்த உறுப்புகளைக் கூட்டச் சொல்லிக் கொடுக்கும்போது "மூணு பழம், நாலு பழம், மொத்தம் ஏழு பழம், அதனால 3ப + 4ப = 7ப" என்று சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு வேலை நடந்துவிடும். ஆனால் 'ப' என்பது பழம் என்ற பொருளின் பெயர் என்று பிள்ளை மனதில் பதிந்துவிடுகிறது. ப என்பது பழங்களின் எண்ணிக்கை, அல்லது ஒரு பழத்தின் விலை, எதுவானாலும் ஓர் எண். அப்புறம் "ஒரு பேனா 8 ரூபாய், ப பேனாவின் விலை என்ன" என்று கேட்டால், ப என்றாலே பேனாதானே, பேனா பேனாவா என்று விழிக்கும். பழம், பேனா, ஆப்பிள் எதுவும் வேண்டாம். 3ப என்றால் ஓர் எண்ணின் மூன்று மடங்கு, அதோடு அதே எண்ணின் நான்கு மடங்கைச் சேர்த்தால் ஏழு மடங்கு. ப = 10 போட்டுப் பாருங்கள், 30-ம் 40-ம் 70. ப = 2 போட்டாலும் சரியாக வரும்.

3ப + 4 = 7ப என்று எழுதும் பிள்ளைக்கும் மருந்து இதேதான். "ஒத்த உறுப்பு இல்லை, கூட்டக்கூடாது" என்று சட்டம் பேசாமல் ப = 10 போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் 34, வலப்பக்கம் 70. முடிந்தது. (ப = 1 மட்டும் போட விடாதீர்கள், அப்போது இரண்டும் 7 ஆகிவிடும், உங்கள் வாதம் கவிழ்ந்துவிடும்.)

ஆறாம் வகுப்பில் தீக்குச்சி வடிவங்கள் வரும், அவற்றை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். சதுரங்களை ஒட்டி ஒட்டி வைத்தால் முதல் சதுரத்துக்கு 4 குச்சி, அடுத்தடுத்து 3 குச்சி. ப சதுரங்களுக்கு 3ப + 1. "என்கிட்ட 61 குச்சி இருக்கு, எத்தனை சதுரம் வைக்கலாம்?" என்று அதே இடத்தில் கேட்டுவிட்டால் 3ப + 1 = 61 என்ற சமன்பாடு தானாக வந்து நிற்கிறது. சமன்பாடு என்ற பெயரைச் சொல்லாமலேயே 20 என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 3: கையால் மூடுகிற விளையாட்டு

என்னைக் கேட்டால் இந்த முழு வழிகாட்டியில் அதிகம் பலன் தரும் படி இதுதான். 3ப + 5 = 20 என்று எழுதி, 3ப-ஐ உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேளுங்கள்: "எதோடு 5 கூட்டினால் 20?" பதினைந்து. கையை எடுங்கள். "அப்போ 3ப என்பது 15. மூன்றை எதால் பெருக்கினால் 15?" ஐந்து.

விதி எதுவும் இல்லை, பக்கம் எதுவும் மாறவில்லை. கணக்கு வராது என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளைகூட இதைப் போடும். இதே முறையில் கொஞ்சம் பயமுறுத்துகிற சமன்பாடுகளையும் கொடுக்கலாம்.

2(ப + 3) = 14. அடைப்பு முழுவதையும் மூடுங்கள். இரண்டால் பெருக்கினால் 14 வருவது 7. எனவே ப + 3 = 7, ப = 4.

(ப + 7)/3 = 5. மேலே உள்ளதை மூடுங்கள். மூன்றால் வகுத்தால் 5 வருவது 15. ப = 8.

20 − 3ப = 5. தொடக்கத்தில் பார்த்த வில்லன். 3ப-ஐ மூடுங்கள். இருபதில் எதைக் கழித்தால் 5? பதினைந்து. ப = 5. குறிப் பிரச்சினையே எழவில்லை, பார்த்தீர்களா?

இந்த விளையாட்டில் ஒரு சமன்பாட்டை முழுதாகப் பார்த்து, எது எதற்குள் இருக்கிறது என்று படிக்கும் பழக்கம் வருகிறது. இரண்டு பீரியட் தாராளமாகக் கொடுங்கள். இது எங்கே நிற்கும் என்றால் இரண்டு பக்கமும் ப இருக்கும்போது: எதை மூடுவது? அடுத்த படிக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

படி 4: தராசு, தீப்பெட்டி, புளியங்கொட்டை

காலித் தீப்பெட்டிகள் கொஞ்சம், புளியங்கொட்டை ஒரு பை. செலவு இவ்வளவுதான். எல்லாத் தீப்பெட்டியிலும் ஒரே எண்ணிக்கையில் கொட்டைகளைப் போட்டு மூடி வைத்துவிடுங்கள், மேசை நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு பக்கம் 3 தீப்பெட்டியும் 4 தனிக் கொட்டையும், மறு பக்கம் 1 தீப்பெட்டியும் 10 தனிக் கொட்டையும். தராசு மாதிரி இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லிவிட்டு, "பெட்டியைத் திறக்காம உள்ள எத்தனைன்னு சொல்லணும், என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

யாராவது ஒருவர் "ரெண்டு பக்கமும் நாலு கொட்டையை எடுத்துடலாம்" என்பார். எடுங்கள். 3 பெட்டி = 1 பெட்டி + 6 கொட்டை. "ரெண்டு பக்கமும் ஒரு பெட்டியை எடுத்துடலாமா?" எடுங்கள். 2 பெட்டி = 6 கொட்டை. ஒரு பெட்டியில் 3. இப்போது திறந்து காட்டுங்கள். (போடும்போது எண்ணிப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மானம் போய்விடும்.)

அடுத்த முறை செய்யும்போது மேசையில் ஒவ்வொரு அசைவுக்கும் பலகையில் ஒரு வரி எழுதுங்கள்:

3ப + 4 = ப + 10
3ப = ப + 6 (இரு பக்கமும் 4 கழிக்க)
2ப = 6 (இரு பக்கமும் ப கழிக்க)
ப = 3 (இரு பக்கமும் 2-ஆல் வகுக்க)

அந்த அடைப்புக்குள் இருக்கிற குறிப்பு முக்கியம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என்ன செய்தோம் என்று எழுத வையுங்கள், "இரு பக்கமும்" என்ற சொற்களோடு. நோட்டு நிறைகிறது, நேரம் ஆகிறது என்று முனகுவார்கள், ஆகட்டும். பிழை எங்கே வந்தது என்று நீங்கள் தேடும்போது அந்தக் குறிப்புதான் காட்டிக் கொடுக்கும். சமக்குறிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக எழுத வைப்பதையும் இப்போதே பழக்கிவிடுங்கள்.

எதை முதலில் எடுப்பது என்று கேட்பார்கள். 3ப + 4 = 19-ல் முதலில் 3-ஆல் வகுக்கக்கூடாதா? வகுக்கலாம், ஆனால் எல்லா உறுப்பையும் வகுக்க வேண்டும், 4/3, 19/3 என்று போகும். ஒருமுறை அப்படியே போட்டுக் காட்டுங்கள், விடை 5 என்றுதான் வரும். தவறில்லை, சுற்று வழி என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தராசு எல்லா இடத்துக்கும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். 2ப + 9 = 3 என்று போட்டால் 3 கொட்டையிலிருந்து 9 கொட்டையை எப்படி எடுப்பது? பெட்டிக்குள் −3 கொட்டை எப்படி இருக்கும்? இங்கே கடன் கொட்டை, மாயக் கொட்டை என்று கதை கட்டி இழுக்காதீர்கள். "கொட்டை வேலை இதோட முடிஞ்சுது, ஆனா இரு பக்கமும் ஒரே காரியம் செய்யணும்கிற பேச்சு அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுத்துக்கு மாறிவிடுங்கள். 2ப = −6, ப = −3. முழுக்களின் கூட்டல் கழித்தலில் தடுமாறுகிற பிள்ளை இங்கே கண்டிப்பாக விழும், அது சமன்பாட்டுப் பிரச்சினை இல்லை. ஒரு நாள் நிறுத்தி எண்கோட்டில் 3 − 9, −3 − 9, −3 + 9 மூன்றையும் போட்டுவிட்டு வாருங்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தால் பிறகு ஒரு மாதம் செலவாகும்.

படி 5: சரிபார்த்தல், இது விருப்பப் பாடம் அல்ல

5ப − 3 = 2ப + 12. இரு பக்கமும் 2ப கழித்தால் 3ப − 3 = 12, 3 கூட்டினால் 3ப = 15, ப = 5. இத்தோடு நிறுத்தாமல்: இடப்பக்கம் 25 − 3 = 22, வலப்பக்கம் 10 + 12 = 22.

கணக்குப் பாடத்தில் ஆசிரியரைக் கேட்காமலேயே "என் விடை சரி" என்று ஒரு பிள்ளை நிச்சயமாகச் சொல்லக்கூடிய இடங்கள் குறைவு, அதில் இது ஒன்று. அதனால் மதிப்பெண்ணில் இடம் கொடுங்கள். மூன்று மதிப்பெண் கணக்கென்றால் ஒரு மதிப்பெண் சரிபார்த்தலுக்கு. விடை தவறாகி, சரிபார்த்து, "எங்கோ பிழை உள்ளது" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணை மகிழ்ச்சியாகப் போடுங்கள். "சார், இது சரியா?" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது பதில் சொல்லாதீர்கள், "போட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேளுங்கள். சில நாட்களில் வரிசை குறையும்.

படி 6: இப்போது பக்கம் மாற்றலாம்

இரு பக்கமும் கழித்து, இரு பக்கமும் கூட்டி எழுதி எழுதிச் சலித்த பிறகு ஒரு பிள்ளை வந்து கேட்கும்: "சார், இந்தப் பக்கம் +4 காணாம போகுது, அந்தப் பக்கம் −4 வருது, நேரா அப்படியே எழுதலாமா?" இதற்காகத்தான் காத்திருந்தோம். எழுதலாம். பாடநூல் சொல்லும் இடமாற்று முறை இதுதான்.

ஆனால் ஒரு கண் வைத்திருங்கள். பக்கம் மாற்றும்போது குறி மாறும் என்பது கூட்டல் கழித்தலுக்கு. அதைப் பெருக்கலுக்கும் இழுத்துக்கொண்டு போய் 3ப = 15 என்பதை ப = 15 − 3 என்று எழுதுவார்கள், இன்னும் கெட்டிக்காரர்கள் ப = 15/(−3) என்று எழுதுவார்கள். உடனே பழைய பேச்சுக்கு இழுத்து வாருங்கள்: "இரு பக்கமும் என்ன செஞ்ச?"

4ப = 2 போட்டுப் பாருங்கள். ப = 2 என்று எழுதுவார்கள், பெரிய எண்ணைச் சின்ன எண்ணால்தான் வகுக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. 2ப + 17 = 6ப − 3 போட்டுப் பாருங்கள், மாறியை இடப்பக்கம்தான் கொண்டுவர வேண்டும் என்று −4ப = −20 வரை போய் மூச்சுத் திணறுவார்கள். 20 = 4ப என்று வலப்பக்கமே வைத்துக்கொண்டால் என்ன? கெழு (ப-வுக்கு முன்னால் நிற்கும் எண்) அதிகமாக இருக்கும் பக்கம் மாறியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், குறிப் பிழைகளில் பெரும்பங்கு குறையும்.

அப்புறம் 5ப = 2ப. இரு பக்கமும் ப-ஐ அடித்துவிட்டு 5 = 2 என்று எழுதிவிட்டு உங்களைப் பார்ப்பார்கள். ப என்பது 0-ஆக இருக்கலாம், 0-ஆல் வகுக்கக்கூடாது என்பதை மேல்வகுப்பு வரை ஒத்திப்போடாமல் இங்கேயே பேசிவிடலாம். 2ப கழித்தால் 3ப = 0, ப = 0.

படி 7: அடைப்பும் பின்னமும்

அடைப்பில் ஒரே ஒரு ஆபத்துதான் உண்மையிலேயே பெரியது: முன்னால் மைனஸ் இருப்பது. 10 − 2(ப − 3) = 4 என்பதை 10 − 2ப − 6 = 4 என்று விரித்து ப = 0 என்பார்கள். சரியாக விரித்தால் 10 − 2ப + 6 = 4, ப = 6. நம்பாதவர்களுக்கு மூடுகிற விளையாட்டு இருக்கவே இருக்கிறது: பத்தில் எதைக் கழித்தால் 4? ஆறு. இரண்டை எதால் பெருக்கினால் 6? மூன்று. ப − 3 = 3, ப = 6. ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டு ஒரே விடை வரும்போது விரித்தலின் மேல் நம்பிக்கை வரும்.

பின்னத்தில் மீச்சிறு பொது மடங்கால் இரு பக்கமும் பெருக்குவது ஒன்றையே கற்றுக் கொடுங்கள். குறுக்குப் பெருக்கலை முதலிலேயே கொடுத்துவிட்டால், பின்னத்தைக் கண்ட இடமெல்லாம், நடுவில் கூட்டல் குறி இருந்தாலும், குறுக்கே பெருக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

(ப + 1)/2 − (ப − 2)/3 = 3

6-ஆல் பெருக்கினால் 3(ப + 1) − 2(ப − 2) = 18. அடைப்பை இந்த வரியில் விரிக்காதீர்கள், இந்த வரி நோட்டில் இருந்தே ஆக வேண்டும். அடுத்த வரி 3ப + 3 − 2ப + 4 = 18, ப = 11. சரிபார்க்க: 12/2 = 6, 9/3 = 3, கழித்தால் 3. இங்கே வரும் பிழைகள் இரண்டே வகை, வலப்பக்கத்து 3-ஐ 6-ஆல் பெருக்க மறப்பது ஒன்று, +4 வர வேண்டிய இடத்தில் −4 எழுதுவது இன்னொன்று. அடைப்பு போட்ட வரியைத் தாண்டிக் குதிக்காதவர்களிடம் இரண்டாவது பிழை அரிது.

படி 8: வாக்கியக் கணக்கு

இங்கேதான் நேரம் எடுக்கும், எடுக்கட்டும். சமன்பாடு தீர்க்கத் தெரிந்த பிள்ளைகூட வாக்கியத்தைப் பார்த்ததும் கிடைத்த எண்களையெல்லாம் கூட்டிப் பார்க்கும்.

முதலில் சமன்பாடே இல்லாமல் ஆரம்பியுங்கள். "ஒரு எண்ணை நினைச்சுக்கோ. இரண்டால் பெருக்கு. பத்தைக் கூட்டு. பாதியாக்கு. நினைச்ச எண்ணைக் கழி. அஞ்சு." எல்லோருக்கும் 5 வந்ததும் ஏன் என்று கேளுங்கள். ப, 2ப, 2ப + 10, ப + 5, 5. வாய்ச்சொல்லை எழுத்தாக மாற்றுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பிறகு அவர்களே புதிர் உருவாக்கி வரச் சொல்லுங்கள்.

அடுத்து, சொற்றொடரை மட்டும் மாற்றும் பயிற்சி, தீர்க்க வேண்டாம். "ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 5-ஐக் கழிக்க" என்பது வாக்கியம் ஓடும் வரிசையிலேயே 3ப − 5 என்று வந்துவிடும். சிக்கல் ஒப்பீட்டில்தான். "அப்பாவின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு" என்றால், மகளுக்குப் பக்கத்தில் மூன்று மடங்கு என்று இருப்பதால் மகளின் வயதை 3ப என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே கேள்வி போதும்: "யாருக்கு வயசு அதிகம்?" அதிகமாக இருப்பவருக்குத்தானே 3ப.

வயதுக் கணக்கை வாக்கியமாக வைத்துக்கொண்டு யோசிக்க விடாதீர்கள், அட்டவணை போடச் சொல்லுங்கள். அப்பாவின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு, 12 ஆண்டுகள் கழித்து இரு மடங்கு ஆகும் என்றால்:

இப்போது: மகள் ப, அப்பா 3ப
12 ஆண்டு கழித்து: மகள் ப + 12, அப்பா 3ப + 12

3ப + 12 = 2(ப + 12), ப = 12. மகளுக்கு 12, அப்பாவுக்கு 36. பிறகு 24-ம் 48-ம். மகளுக்கு 12 கூட்டிவிட்டு அப்பாவுக்குக் கூட்ட மறக்கும் வழக்கமான பிழை அட்டவணையில் தானாகவே அடிபட்டுவிடும்.

நம் ஊர்க் கணக்குகளைக் கொண்டு வாருங்கள். 2013-ல் தமிழக அரசு ஆட்டோவுக்கு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். மீட்டரில் 85 ரூபாய் காட்டினால் எவ்வளவு தூரம் போயிருக்கிறோம்? 25 + 12ப = 85, ப = 5. இங்கே நிறுத்திவிடுவார்கள். ப என்பது 1.8-க்கு மேல் போன தூரம், மொத்தம் 6.8 கிலோமீட்டர். "மீட்டர் போட்டு எந்த ஆட்டோ சார் வருது?" என்று ஒரு குரல் வரும், அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனால் ப எதைக் குறிக்கிறது என்று முதல் வரியிலேயே முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. "ப = தூரம்" என்று எழுதினால் மதிப்பெண் குறையுங்கள், எந்தத் தூரம்?

நாணயக் கணக்கு: 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் சேர்த்து 18, மொத்தம் 130 ரூபாய். 5 ரூபாய் நாணயம் ப என்றால் மற்றது 18 − ப. இந்த "18 − ப" எளிதில் வராது. "5 ரூபாய் நாணயம் 7 இருந்தால் 10 ரூபாய் நாணயம் எத்தனை? 4 இருந்தால்? ப இருந்தால்?" என்று எண்ணிலிருந்து எழுத்துக்குப் படியிறக்குங்கள். 5ப + 10(18 − ப) = 130, ப = 10. எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டாலும் இதே வைத்தியம்தான்: ஒரு விடையை ஊகித்து, அது சரியா என்று எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டு, சோதித்த அதே வரிகளில் ஊகித்த எண்ணை எடுத்துவிட்டு ப-ஐ வைப்பது. சமன்பாடு வந்து நிற்கும்.

பாட்டி சொல்லும் பறவைப் புதிரை விட்டுவிடாதீர்கள். பறந்து போகும் கூட்டத்தைப் பார்த்து ஒரு பறவை "நீங்க நூறு பேரா?" என்று கேட்டதாம். "நாங்களும், எங்கள் அளவு இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு" என்றதாம் கூட்டம். ப + ப + ப/2 + ப/4 + 1 = 100. நான்கால் பெருக்கினால் 11ப + 4 = 400, ப = 36. வகுப்பில் யாராவது இதன் விடையை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள், வழியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதேபோன்ற கணக்கு எகிப்தில் கிமு 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளிலும் இருக்கிறது: ஒரு தொகையும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. ப + ப/7 = 19 என்று எழுதி, எட்டாம் வகுப்பிடம் கொடுங்கள். விடை 133/8, "அசிங்கமா வருது சார்" என்பார்கள். எகிப்தியர்களுக்கும் அப்படித்தான் வந்தது.

படி 9: விடை இல்லாத கணக்கும் எல்லாமே விடையான கணக்கும்

ப + 3 = ப + 5 கொடுங்கள். "சார், ப-வே காணாம போயிடுச்சு" என்று பதறுவார்கள். 3 = 5 என்று மிச்சம் இருக்கிறது. ஓர் எண்ணோடு 3 கூட்டினாலும் 5 கூட்டினாலும் ஒரே விடை வருமா? வராது, எனவே தீர்வு இல்லை. அடுத்து 2(ப + 3) = 2ப + 6. எந்த எண்ணைப் போட்டாலும் சரி. அரைப் பீரியட் போதும், தேர்வுக்கு வந்தாலும் வராவிட்டாலும்.

வரைபடத்தை எட்டாம் வகுப்பில் தொடும்போது இதை இணைத்துவிடலாம். ஆட்டோக் கணக்கையே எடுத்து, கூடுதல் தூரம் 0, 1, 2, 3 என்றால் கட்டணம் 25, 37, 49, 61, வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் நேர்கோடு. 85 என்ற உயரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டு எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் 5. சமன்பாட்டைத் தீர்ப்பது என்றால் இந்த வெட்டுமிடத்தைக் கண்டுபிடிப்பது. மிச்சத்தை ஒன்பதாம் வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

கேள்வித்தாள் தயாரிக்கும்போது

விடையிலிருந்து பின்னோக்கிப் போய்க் கணக்கை உருவாக்குங்கள்: ப = −4 என்று முடிவு செய்து, 3ப + 7 போட்டால் −5, ப − 1 போட்டால் −5, எனவே 3ப + 7 = ப − 1. நிமிடத்துக்கு இரண்டு கணக்கு செய்யலாம். ஆனால் எல்லா விடையும் 2, 3, 5 என்று அழகாக வந்துகொண்டே இருந்தால் பிள்ளைகள் அதையே அடையாளமாக வைத்துக்கொள்வார்கள், 7/2 வந்தவுடன் சரியான விடையை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். பத்துக் கணக்கு கொடுத்தால் இரண்டில் பின்ன விடை, இரண்டில் குறை எண், ஒன்றில் 0 வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாறி வலப்பக்கம் மட்டும் இருக்கும் கணக்கு ஒன்றும் வேண்டும், 14 = 2 + 3ப மாதிரி. தவறாகத் தீர்த்த கணக்கை அச்சிட்டு எந்த வரியில் பிழை என்று கேட்பது ஒன்றாவது இருக்கட்டும், திருத்தவும் சுலபம், யாருக்கு எங்கே இடிக்கிறது என்பதும் அதில் சட்டென்று தெரிந்துவிடும்.